தராசு சொன்ன ஒரு பொய்

என் நாத்தனாருக்கு வீட்டில் தராசு என்று பேர். வைத்தவள் நான்தான். கடைகளில் இருக்கும் எடை எந்திரங்கள் சரியாகக் காட்டுகின்றனவா என்று சோதித்துப் பழுதுபார்ப்பது அவள் வேலை. எடைக்கற்கள் அடுக்கிய மரப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு கடை கடையாக ஏறி இறங்குவாள். எந்திரம் தப்பாகக் காட்டுகிறது என்று கடைக்காரர் வானத்துக்கும் பூமிக்கும் குதித்தாலும் இவள் அசரமாட்டாள். முதலில் தட்டைத் துடைப்பாள். பிறகு எண் பூஜ்யத்துக்கு வந்துவிட்டதா என்று பார்ப்பாள். அதன் பிறகுதான் கல்லை எடுத்து வைப்பாள். பாதிக் கடைகளில் துடைத்ததுமே எந்திரம் சரியாகிவிடுமாம். எந்திரம் பொய் சொல்லாது அண்ணி, தட்டில்தான் அழுக்கு என்று வந்து பீற்றிக்கொள்வாள். கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது.

அப்படிப்பட்டவள் கட்டிய புருஷனிடம் ஒரு பொய் சொன்னாள். சின்னப் பொய் இல்லை. அதை வைத்துக்கொண்டு அவள் பட்ட பாட்டைத்தான் சொல்ல வந்தேன். எனக்குக் கொஞ்சம் வாய் நீளம், குரலும் பெரிசு. தண்ணீர் வழங்கும் அலுவலகத்தில் புகார்த் தொலைபேசி எடுக்கிறவள் நான். எந்தத் தெருவில் குழாய் வறண்டாலும் ஜனங்கள் என்னைத்தான் திட்டுவார்கள். வாங்கிய திட்டையெல்லாம் எங்காவது இறக்கி வைக்க வேண்டாமா? வீட்டில்தான் இறக்குவேன்.

தராசுக்கு ஏழு வயதிலிருந்து முதல் வகைச் சர்க்கரை நோய். வயதானவர்களுக்கு வருகிற சர்க்கரை இல்லை இது. உடம்பு இன்சுலின் சுரப்பதையே நிறுத்திவிட்டது, ஊசி இல்லாமல் உயிர் இல்லை. இது தெரியாமல் போகிற இடமெல்லாம், இந்த வயசிலேயே சர்க்கரையா, இனிப்பைக் குறைக்கக் கூடாதா என்று ஆளாளுக்குப் புத்தி சொல்வார்கள். அவள் சிரித்துவிட்டு வந்துவிடுவாள். நானாக இருந்தால் எடைக்கல்லை எடுத்து மண்டையிலேயே போட்டிருப்பேன். சாப்பிடும் முன் விரலில் குத்திப் பார்ப்பாள், கணக்குப் போடுவாள், வயிற்றில் ஊசி போட்டுக்கொள்வாள். ஏறினால் ஒரு கஷ்டம், இறங்கினால் அதைவிடக் கஷ்டம். சர்க்கரை திடீரென்று இறங்கும்போது வேர்த்துக் கொட்டும், பேச்சு குழறும், கை நடுங்கும். அதற்காகவே எடைக்கல் பெட்டிக்குள் கற்களோடு பழச்சாறுப் பொட்டலமும் இருக்கும்.

நோய் எப்படித் தெரிந்தது என்பதை என் மாமியார், அதாவது தராசின் அம்மா, எனக்கு ஒரே ஒரு தடவை சொல்லியிருக்கிறார். குழந்தை குடம் குடமாகத் தண்ணீர் குடித்தாளாம். ராத்திரி படுக்கையை நனைத்தாளாம். ஏழு வயதில் என்ன பழக்கம் இது என்று இவர் முதுகில் ஓர் அடி வைத்தாராம். அந்த வாரமே குழந்தை மயங்கி விழுந்து, ஆஸ்பத்திரியில் கண் திறக்காமல் கிடந்தது. அன்றோடு மாமியார் இனிப்பை விட்டார். தேநீரில் கூடச் சர்க்கரை போடமாட்டார். மகள் விரலைக் குத்தும்போதெல்லாம், சர்க்கரை பார்க்கிற எந்திரத்தில் எண் வருகிற வரைக்கும், அவர் முகம் தண்டனை கேட்க நிற்கிறவர் முகம் மாதிரி ஆகிவிடும். அந்த முகத்தைப் பார்த்துத்தான் தராசு வளர்ந்தாள்.

அவள் கட்டிக்கொண்டது நீச்சல் சொல்லிக்கொடுக்கிறவரை. நாங்கள் நீச்சல் மாஸ்டர் என்போம். என்னை அக்கா என்பார், நான் தம்பி என்பேன். பொதுக் குளத்தில் நாள் முழுக்கச் சின்னப் பிள்ளைகளோடு கிடப்பார். தண்ணீருக்குப் பயந்து படியை விட்டு இறங்காத பிள்ளைகூட அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டு இறங்கிவிடும். என் மகள் வாண்டுக்கு ஐந்து வயது. மாமா வருகிறார் என்றால் பெற்றவள் நான் அவள் கண்ணுக்கே தெரியமாட்டேன். இப்படிப்பட்ட மனுஷருக்குக் குழந்தை ஆசை இல்லாமல் இருக்குமா? இருந்தது. ஆனால் வாய் விட்டுக் கேட்டதில்லை. டாக்டரைக் கேட்டுவிட்டு முடிவு செய்யலாம் என்று மட்டும் சொல்லி, ஒரு நாள் லீவு போட்டுவிட்டு அவளோடு போனார்.

போன இடத்தில் வண்டியை எடுத்து வேறு பக்கம் நிறுத்தச் சொல்லிக் காவலாளி கூப்பிட, இவர் வெளியே போனார். அதற்குள் இவளை உள்ளே கூப்பிட்டுவிட்டார்கள். டாக்டரம்மா நல்லவர். சர்க்கரை நல்ல கட்டுப்பாட்டில் இருக்கிறது, குழந்தை வேண்டுமென்றால் இதுதான் நல்ல சமயம் என்றாராம். அடிக்கடி வர வேண்டும், ரொம்பக் கவனமாக இருக்க வேண்டும், ஆனால் முடியும் என்றாராம். குழந்தைக்கும் இது வருமா என்று இவள் கேட்டாள். நூற்றில் ஒரு சிலருக்கு வரலாம், பெரும்பாலும் வராது என்று பதில் வந்தது. இவள் காதில் அந்த ஒரு சிலர் மட்டும்தான் விழுந்தார்கள்.

வெளியே வந்தாள். பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர் எழுந்து முகத்தைப் பார்த்தார். "வேணாம்னுட்டாங்க" என்றாள். அவ்வளவுதான் பொய். அவர் ஒரு கேள்வி கேட்கவில்லை. சரி விடு, நீ நல்லா இருந்தா போதும் என்று அவள் கைப்பையை வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டு நடந்தார். கேட்டிருந்தால் அங்கேயே உண்மையைச் சொல்லியிருப்பேன் என்று பின்னால் என்னிடம் சொன்னாள். எனக்கு நம்பிக்கை இல்லை.

இதோடு நின்றிருந்தால்கூடப் பரவாயில்லை. அவர் தன் அம்மாவிடம் போய், குறை என்னிடம்தான், இனிமேல் இந்தப் பேச்சை எடுக்காதீர்கள் என்று சொல்லிவிட்டார். பெண்டாட்டியை யாரும் ஒரு சொல் சொல்லிவிடக் கூடாதாம். அந்த அம்மா விடுகிற ஆளா? நாள் முழுக்கத் தண்ணியிலேயே ஊறிக் கிடந்தால் இப்படித்தான் ஆகும், வேறு வேலை பார் என்று மகனைக் கரித்துக் கொட்டினார். யார் யாரிடமோ கேட்டு ஏதோ கசப்பு மருந்தைக் காய்ச்சி, போகும்போதெல்லாம் குடிக்க வைத்தார். இவரும் மூக்கைப் பிடித்துக்கொண்டு குடிப்பார். வெறும் டம்ளரை அவர் கையிலிருந்து வாங்கிக் கழுவி வைப்பது தராசு. ஒவ்வொரு தடவையும் சொல்லிவிடலாம் என்று தொண்டை வரைக்கும் வருமாம். வந்து வந்து திரும்பிப் போய்விடுமாம். இதெல்லாம் அப்போது எங்கள் யாருக்கும் தெரியாது. டாக்டர் வேண்டாமென்று சொல்லிவிட்டார் என்றுதான் நாங்களும் நம்பிக்கொண்டிருந்தோம்.

குட்டு வெளிப்பட்டது ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். எங்கேயோ பெரிய குழாய் உடைந்துவிட்டதென்று என்னை வேலைக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். என் வீட்டுக்காரர் வெளியூர். வாண்டை மாமியாரிடமும், அன்றைக்கு வீட்டுக்கு வந்திருந்த தராசிடமும் விட்டுவிட்டுப் போனேன். நல்ல வெயில். வாண்டு மாடிப்படியில் ஏறி இறங்கி ஆடிவிட்டு வந்து வந்து தண்ணீர் குடித்திருக்கிறாள். அப்புறம் தூங்கினாள். தூக்கத்தில் படுக்கையை நனைத்துவிட்டாள். அவ்வளவு தண்ணீர் குடித்தால் யாருக்குத்தான் ஆகாது? ஆனால் பார்த்துக்கொண்டிருந்தது தராசு. தண்ணீர், நனைந்த படுக்கை. ஏழு வயதில் அவளுக்கு ஆரம்பித்ததும் இப்படித்தான்.

அவசரப்படக் கூடாது என்று கொஞ்ச நேரம் அடக்கிக்கொண்டாள். வாண்டு எழுந்து உட்கார்ந்து ஒரு ஆரஞ்சை உரித்துத் தின்றுவிட்டு, மறுபடியும் தண்ணீர் கேட்டாள். அதற்குமேல் தராசால் முடியவில்லை. சமையலறைக்குக் கூட்டிப்போய், யாரிடமும் சொல்லாமல், தன் சர்க்கரை எந்திரத்தை எடுத்துக் குழந்தை விரலில் குத்திவிட்டாள்.

நான் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே வாண்டு அலறிக்கொண்டு ஓடி வந்து விரலைக் காட்டினாள். ஒரு பொட்டு ரத்தம். அன்றைக்குத் தொலைபேசியில் வாங்கிய திட்டெல்லாம் எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. பையை வீசிவிட்டு உள்ளே போனேன்.

"யாரைக் கேட்டு என் பிள்ளையைக் குத்தினே?"

தராசு தரையில் உட்கார்ந்திருந்தாள். எந்திரத்தை என் பக்கம் நீட்டினாள். முந்நூறைத் தாண்டி ஏதோ ஒரு எண்.

"அண்ணி, வாண்டுக்கும் வந்துடுச்சு. எங்க ரத்தம் அண்ணி. மன்னிச்சிடுங்க."

என் கோபமெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை. மாமியார் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு, என் வயிறு, என் வயிறு என்று அடித்துக்கொண்டார். தராசைக் கூட்டிப்போக வந்திருந்த நீச்சல் மாஸ்டர்தான் அந்த இடத்தில் நிதானமாக இருந்த ஒரே ஆள். வாண்டைத் தூக்கிக்கொண்டார். ஆஸ்பத்திரிக்குப் போகலாம், பயப்படாதீங்க அக்கா, சீக்கிரமே கண்டுபிடித்துவிட்டோம் என்றார். அப்புறம் பெண்டாட்டி பக்கத்தில் குனிந்து, அவள் மனசைத் தேற்றுவதாக நினைத்துக்கொண்டு ஒன்று சொன்னார்.

"நம்மால ஒரு குழந்தை இப்படிக் கஷ்டப்படலையே, அதை நினைச்சுக்கோ. டாக்டர் அன்னைக்கே வேணாம்னு சொன்னது நல்லதாப் போச்சு."

தராசு நிமிர்ந்து பார்த்தாள்.

"டாக்டர் அப்படிச் சொல்லவே இல்ல. தாராளமாப் பெத்துக்கலாம்னாங்க. நான்தான் பொய் சொன்னேன்."

அந்த நேரத்தில்தான் சுவர்ப் பக்கமிருந்து மாமியார் திரும்பினார். அவர் மகளையும் பார்க்கவில்லை, மருமகனையும் பார்க்கவில்லை. மேடையில் கிடந்த ஆரஞ்சுத் தோலைப் பார்த்தார்.

"குத்தறதுக்கு முன்னாடி கையைக் கழுவிவிட்டியா?"

இல்லை என்று தலையாட்டினாள் தராசு. விரலில் பழச்சாறு ஒட்டியிருந்தால் எந்திரம் அதையும் சேர்த்துத்தான் காட்டும். ஏழு வயதிலிருந்து குத்திக்கொள்கிறவளுக்கு இது தெரியாதா? ஊரெல்லாம் போய்த் தட்டைத் துடை தட்டைத் துடை என்கிறவள், அந்த ஒரு தடவை துடைக்கவில்லை. மாமியார் வாண்டை வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, குழாயைத் திறந்து, சோப்புப் போட்டு ஒவ்வொரு விரலாகக் கழுவினார். துணியால் ஒற்றி எடுத்தார். இன்னொரு கையில், விரலின் ஓரத்தில், வலிக்காத இடமாகப் பார்த்துக் குத்தினார். தொண்ணூற்றுச் சொச்சம் காட்டியது. குழந்தைக்கு ஒன்றுமில்லை.

நான் உட்கார்ந்து ஓவென்று அழுதேன். அழுதுகொண்டே தராசைத் திட்டினேன், திட்டிக்கொண்டே வாண்டுக்கு முத்தம் கொடுத்தேன். மறுநாள் டாக்டரிடமும் காட்டி, ஒன்றுமில்லை என்று கேட்டுக்கொண்ட பிறகுதான் எனக்குச் சோறு இறங்கியது.

எண் சரியாகிவிட்டது. சொன்ன சொல்லை என்ன செய்வது? நீச்சல் மாஸ்டர் வாசலில் நின்று செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார். எங்கம்மாகிட்ட நான் என்ன சொல்லி வச்சிருக்கேன்னு தெரியுமில்ல என்று மட்டும் கேட்டார். தெரியும் என்றாள் தராசு. அவர் தலையை ஆட்டிவிட்டுத் தனியாகப் போய்விட்டார். கத்தியிருந்தால்கூட அவளுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

தராசு எங்களோடு தங்கிவிட்டாள். வேலைக்குப் போவாள், வருவாள், மூலையில் உட்காருவாள். வாண்டு பக்கத்தில் போனால் கையைப் பின்னால் கட்டிக்கொள்வாள். ஒரு சாயங்காலம் மாமியார் அவள் எதிரில் போய் உட்கார்ந்து, எதுக்குடி அப்படி ஒரு பொய் சொன்னே என்று கேட்டார். உங்க முகத்துக்குப் பயந்துதாம்மா என்றாள் தராசு. எனக்குச் சர்க்கரை வந்ததுகூடப் பழகிடுச்சு, நான் குத்தும்போது நீங்க நிக்கற நிலையை மட்டும் தாங்க முடியல, நாளைக்கு ஒரு குழந்தை முன்னாடி நான் அப்படி நிக்கணுமா என்றாள். எனக்காக நீங்க விட்ட இனிப்பெல்லாம் என் தலையிலதான் ஏறி உக்காந்திருக்கு என்றாள்.

மாமியார் அடி வாங்கினவர் மாதிரி இருந்தார். பிறகு நிதானமாகச் சொன்னார்.

"படுக்கையை நனைச்சேன்னு உன்னை அடிச்சேனே, அதுக்கு இன்னைக்கும் என் கை கூசுது. ஆனா உன்னைப் பெத்ததுக்கு ஒரு நாளும் நான் வருத்தப்பட்டதில்லடி. அதைத் தனியா வேற சொல்லணுமா, உனக்கே தெரியும்னு இருந்துட்டேன்."

அம்மாவும் மகளும் அழுதார்கள். நான் தேநீர் போட்டுக் கொண்டுவந்து கொடுத்தேன். மாமியார் எழுந்து போய்ச் சர்க்கரை டப்பாவை எடுத்துவந்து, மகள் பார்க்கவே ஒரு கரண்டி போட்டுக் கலக்கிக் குடித்தார். ஒரு வாய் குடித்ததும் முகத்தைச் சுளித்தார். இதைத்தானா இத்தனை வருஷமா விட்டுட்டு இருந்தேன், நல்லாவே இல்லையே என்றார். தராசு அன்றைக்குத்தான் சிரித்தாள்.

இனி அவள் சரி என்று சொல்லிவிடுவாள், டாக்டரிடம் போவார்கள், அடுத்த வருஷம் வாண்டுக்கு ஒரு துணை வந்துவிடும் என்று நான் மனக்கோட்டை கட்டினேன். தராசு குளத்துக்குப் போய்ப் புருஷனைப் பார்த்தாள். பிள்ளைகளெல்லாம் போகிற வரைக்கும் படியில் காத்திருந்து பேசினாளாம். பேசியதை என்னிடம் வரி விடாமல் சொன்னாள்.

உனக்கு வேண்டாமென்றால் வேண்டாமென்று என்னிடமே சொல்லியிருக்கலாமே, நான் சரியென்றுதானே சொல்லியிருப்பேன் என்று அவர் கேட்டிருக்கிறார். அது தெரிந்துதான் சொல்லவில்லை, நீங்கள் சரியென்று விட்டுக்கொடுத்துவிட்டால் பறித்துக்கொண்டவள் நானாகிவிடுவேன், அந்தப் பழியை டாக்டர் தலையில் போட்டேன் என்றிருக்கிறாள். இப்போது பயம் போய்விட்டதா என்று அவர் கேட்டார். பயம் பாதி போய்விட்டது, போன பிறகும் வேண்டாமென்றுதான் இருக்கிறது என்றாள்.

"நாள் முழுக்க ஒரு உயிரை நிறுத்துப் பார்த்துக்கிட்டே இருக்கேன், அது என்னோடது. இன்னொரு உயிரைத் தட்டுல ஏத்த எனக்குத் தெம்பு இல்லைங்க. இதை டாக்டர் சொல்லல, நான் சொல்றேன்."

அவர் துண்டால் தலையைத் துவட்டிக்கொண்டே இருந்தாராம். எனக்கு ஆசை இருக்கு, இல்லைன்னு உன்கிட்டப் பொய் சொல்லமாட்டேன், அது எப்போ போகும்னும் தெரியாது என்றாராம். வீட்டுக்கு வா என்றும் சொன்னாராம். அந்த ஆசை இருக்கு என்ற சொல் அவளுக்கு எந்த ஊசியைவிடவும் ஆழமாகப் போயிருக்கிறது. ஆனாலும் அவள் தன் சொல்லை மாற்றிக்கொள்ளவில்லை. எனக்கு அவள்மேல் கோபம் வந்தது, வரவில்லை என்று சொல்லமாட்டேன். அந்த உடம்பை ஒரு நாள் சுமந்து பார்த்துவிட்டுக் கோபப்படு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

பாக்கி இருந்தது அவருடைய அம்மா. நீச்சல் மாஸ்டர், நானே போய்ச் சொல்லிக்கொள்கிறேன் என்றதற்குத் தராசு ஒத்துக்கொள்ளவில்லை. என்னை மட்டும் துணைக்குக் கூப்பிட்டாள். நீங்க திட்டு வாங்கிப் பழகினவங்க அண்ணி, பக்கத்துல நின்னாப் போதும் என்றாள். சரி என்று கிளம்பினேன். நாங்கள் போனபோது நீச்சல் மாஸ்டர் முன்னாலேயே அங்கே வந்து உட்கார்ந்திருந்தார்.

அந்த அம்மா அடுப்பில் மகனுக்கான கசப்பு மருந்தைக் காய்ச்சிக்கொண்டிருந்தார். வீடு முழுக்க அந்த வாடை. தராசு உட்காரவில்லை. குறை அவரிடம் இல்லை, குறை என்று யாரிடமும் இல்லை, டாக்டர் முடியும் என்றுதான் சொன்னார், நான்தான் வேண்டாமென்றேன், அவரிடமும் பொய் சொன்னேன் என்று நின்ற வாக்கில் எல்லாவற்றையும் கொட்டினாள். அந்த அம்மா கரண்டியைக் கீழே வைத்தார். மகனைத்தான் முதலில் பார்த்தார். ஏன்டா என்கிட்ட அப்படிச் சொன்னே என்றார். அவளைத் திட்டுவீங்கன்னுதாம்மா என்றார் இவர்.

"ஆமா, திட்டியிருப்பேன். அதுக்குப் பதிலா உன்னைத் திட்டினேனேடா. இல்லாத நோய்க்கு இதை வேற குடிக்க வச்சேனேடா" என்று அந்த அம்மா அடுப்பையே பார்த்தார். பிறகு தராசு பக்கம் திரும்பினார். ஆரம்பிக்கப் போகிறார் என்று நான் தயாரானேன்.

அப்போதுதான் தராசின் நெற்றியைக் கவனித்தேன். வேர்வை முத்து முத்தாக நின்றது. கை நடுங்கியது. பயத்தினால் இல்லை, சர்க்கரை இறங்கிக்கொண்டிருந்தது. காலையில் ஊசி போட்டுக்கொண்டு, மனசு சரியில்லாமல் பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிட்டாள். தோளில் பை தொங்குகிறது, பைக்குள் பழச்சாறு இருக்கிறது. கையை வைக்கமாட்டேன் என்கிறாள். நான் பையைப் பிடித்து இழுத்தால் இறுக்கிக்கொள்கிறாள்.

"வேணாம் அண்ணி. அவங்க பேசி முடிக்கட்டும். ஒரு தடவை இதைச் சாக்கு வச்சுத் தப்பிச்சது போதும்" என்று குழறிக் குழறிச் சொன்னாள்.

இப்படி ஒரு பைத்தியக்காரி உண்டா? நீச்சல் மாஸ்டர் தாவி வந்து அவளைப் பிடித்துக் கீழே உட்கார வைத்தார். நான் பையைப் பிடுங்கிப் பொட்டலத்தை எடுத்துவிட்டேன். என் கை ஆடிய ஆட்டத்தில் அதைத் திறக்க வரவில்லை. அந்த அம்மா என் கையிலிருந்து அதைப் பறித்து, பல்லாலேயே மூலையைக் கடித்துக் கிழித்து, தராசின் தாடையைப் பிடித்து வாயில் வைத்தார்.

"முதல்ல இதைக் குடி. திட்டறது எங்கேயும் ஓடிப் போயிடாது."

குடித்தாள். பாதி கழுத்தில் வழிந்தது, அந்த அம்மா புடவைத் தலைப்பால் துடைத்துவிட்டார். கொஞ்ச நேரத்தில் நடுக்கம் நின்றது. பேச்சுத் தெளிந்ததா என்று சோதிக்க, உன் பேர் என்ன, இது யார் வீடு என்று கேட்டார். தராசு சரியாகச் சொன்னாள். இனி மயங்கமாட்டாளே என்று என்னிடம் ஒரு தடவை உறுதிப்படுத்திக்கொண்டார். மாட்டாள் என்றேன்.

அப்புறம் அடுப்பை அணைத்தார். மருந்தைச் சாக்கடையில் கொட்டினார். எதிரில் ஒரு முக்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, மருமகளைத் திட்ட ஆரம்பித்தார். தராசு தலையைக் குனியாமல், ஒரு வார்த்தை எதிர்ப்பேச்சுப் பேசாமல், முழுசையும் கேட்டுக்கொண்டாள்.